இறுதிக் கடனும் முதற் கடனும்



பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டிய கடமைகளைப் பற்றிப் பேசாத சமயம் இல்லை. அக்கடமைகளுள் கடைசியாக வருவது, இறந்த பெற்றோரை முறைப்படி அடக்கம் செய்வது. இதனை நம்மவர் 'இறுதிக் கடன்' என்பர். கடன் என்ற சொல்லே சிந்திக்கத் தக்கது. கொடுத்தவர் ஒருவர் இருந்தால்தான் கடன் என்று ஒன்று உண்டு. வாழ்நாளெல்லாம் பெற்றோர் கொடுத்தார்கள்; பிள்ளை திருப்பித் தருகிறான். ஆனால் சாவு வீட்டில் மட்டும் திருப்பித் தந்தால் அந்தக் கடன் தீர்ந்துவிடுமா? இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவர்களின் மறைநூலாகிய வேதாகமம் என்ன விடை தருகிறது என்பதை இன்றைய உரையில் காண்போம். கிறிஸ்தவர் அல்லாத நேயர்களுக்கும் இதில் பயன் உண்டு. வேதாகமம் ஒரு சமய நூல் என்பதோடு, மேற்கு ஆசியாவில் வாழ்ந்த ஒரு பழைய சமுதாயத்தின் குடும்ப வாழ்வைக் காட்டும் நூலும் ஆகும்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். பத்துக் கட்டளைகளில் ஒன்று பெற்றோரைப் பற்றியது. சில திருச்சபையார் அதனை நான்காம் கட்டளை என்றும், சிலர் ஐந்தாம் கட்டளை என்றும் எண்ணுவர். தாய் தந்தையரைக் 'கனம் பண்ண' வேண்டும் என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கூறும். மூல மொழியாகிய எபிரேயத்தில் இங்கு வரும் சொல்லும் பாரத்தைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்ததே. கனம் என்றால் நம் மொழியிலும் பாரம்தானே! பெற்றோரை இலேசாக எண்ணாதே, அவர்களுக்கு உரிய எடையைக் கொடு என்பதே இதன் உட்பொருள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இக்கட்டளை சிறுபிள்ளைகளுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. வளர்ந்து, வீடும் நிலமும் உடையவர்களுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. உழைக்க இயலாத முதிய பெற்றோர், உழைக்கும் மகனுடைய கையை எதிர்பார்த்திருந்த காலம் அது.

இனி, அடக்கம் செய்யும் வழக்கத்திற்கு வருவோம். வேதாகமத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தில், 23ஆம் அதிகாரம் முழுவதும் ஒரு கல்லறை நிலம் வாங்கிய கதைதான். ஆபிரகாமின் மனைவி சாராள் 127 வயதில் எபிரோனில் இறந்து போகிறாள். ஆபிரகாம் அந்த ஊரில் அந்நியன். ஆடுமாடு ஏராளமாக உண்டு, ஆனால் சொந்தமாக ஓர் அடி நிலம் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்கும் நகர வாசலில் எழுந்து நின்று, வணங்கி, தன் மனைவியை அடக்கம் செய்ய ஓர் இடம் கேட்கிறான். நிலத்தின் உரிமையாளனாகிய எப்பெரோன், சும்மாவே எடுத்துக்கொள்ளும்படி சொல்கிறான். ஆபிரகாம் அதற்கு இணங்கவில்லை. முழு விலையையும் எல்லாருக்கும் முன்னால் நிறுத்துக் கொடுத்து, மக்பேலா என்னும் குகையையும், அதைச் சூழ்ந்த நிலத்தையும், அதில் நின்ற மரங்களையும் வாங்குகிறான்.

விலை எவ்வளவு தெரியுமா? 400 சேக்கல் வெள்ளி. ஒரு சேக்கல் ஏறத்தாழ 11 கிராம் என்று கொண்டால், ஏறத்தாழ 4.4 கிலோ வெள்ளி ஆகிறது. பிற்காலத்தில் எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத் என்னும் ஊரில் ஒரு நிலத்தை 17 சேக்கலுக்கு வாங்கியதாக வேதாகமமே சொல்கிறது. தாவீது அரசன் ஒரு போரடிக்கும் களத்தையும் மாடுகளையும் 50 சேக்கலுக்கு வாங்கினான். காலம் வேறு, இடம் வேறு என்றாலும், ஆபிரகாம் கொடுத்த விலை மலிவானதன்று என்பது விளங்கும். அப்படியிருந்தும் அவன் பேரம் பேசவில்லை. தன் மனைவியின் கல்லறை பிறர் தயவில் இருக்கக் கூடாது. நாளை எவரும் வந்து, அது எங்கள் நிலம் என்று சொல்லக் கூடாது. இதுவே அவன் எண்ணம்.

ஆபிரகாம் தான் வாங்கிய இந்த நிலத்திலேயே தன் 175ஆம் வயதில் அடக்கம் செய்யப்பட்டான். அவனுக்குப் பின் ஈசாக்கும் அவன் மனைவி ரெபெக்காளும், யாக்கோபும் அவன் மனைவி லேயாளும் அங்கேயே அடக்கமானார்கள். எபிரோன் நகரில் அந்தக் குகையின் மேல் என்று கருதப்படும் இடத்தில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ஏரோது மன்னன் காலத்தில் கட்டப்பட்ட பெரிய கற்சுவர் இன்றும் நிற்கிறது. யூதர்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அதனைப் புனித இடமாகக் கருதுகிறார்கள்.

இவ்வரலாற்றில் நம் குடும்பங்களுக்கு உறைக்கும் செய்தி ஒன்று உண்டு. ஆபிரகாமின் மக்களுள் ஈசாக்கு, இஸ்மவேல் என இருவர். இஸ்மவேலும் அவன் தாயும் ஒரு காலத்தில் வீட்டை விட்டு அனுப்பப்பட்டவர்கள். ஆனால் தந்தை இறந்தபோது, இருவரும் சேர்ந்தே அவரை அடக்கம் செய்தார்கள் என்று ஆதியாகமம் எழுதி வைத்திருக்கிறது. அடுத்த தலைமுறையிலும் இதுவே நடந்தது. ஏசாவும் யாக்கோபும் உரிமைக்காகச் சண்டையிட்டுப் பிரிந்த சகோதரர்கள். ஒருவன் மற்றவனைக் கொல்வேன் என்று சூளுரைத்ததும் உண்டு. அவர்கள் தந்தை ஈசாக்கு இறந்தபோது, இருவரும் ஒருசேர நின்று அடக்கம் செய்தார்கள். சொத்துத் தகராற்றினால் பேச்சு வார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிமார் நம்மிடையே எத்தனை பேர்! தந்தையின் பாடையருகே கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்பவர்கள் எத்தனை பேர்! அவர்கள் இந்த இரண்டு வரலாறுகளையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

நேயர்களே, கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் நாம். ஆகையால் யாக்கோபின் கதை நமக்கு எளிதில் புரியும். பஞ்சத்தினால் அவன் முதிய வயதில் எகிப்துக்குக் குடிபோகிறான். அங்கே 17 ஆண்டுகள் வாழ்ந்து, 147ஆம் வயதில் சாகும் தறுவாயில், மகன் யோசேப்பை அழைத்துச் சத்தியம் வாங்குகிறான்: எகிப்தில் தன்னை அடக்கம் செய்யாமல், தன் பிதாக்களின் கல்லறைக்கே கொண்டுபோக வேண்டும் என்று. யோசேப்பு எகிப்தில் அரசனுக்கு அடுத்த நிலையில் இருந்த அதிகாரி. அவனுக்கு ஆயிரம் வேலை. என்றாலும், உடலைப் பதப்படுத்தும் 40 நாளும், எகிப்தியர் துக்கம் கொண்டாடிய 70 நாளும் கழிந்தபின், பார்வோனிடம் விடுமுறை கேட்டுக்கொண்டு, கானான் நாட்டுக்குப் பயணமாகித் தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றினான். பின்னர் யோசேப்பு தானும் 110ஆம் வயதில் அதேபோன்ற சத்தியத்தைத் தன் இனத்தாரிடம் வாங்கினான். அவனுடைய எலும்புகளை மோசே எகிப்திலிருந்து எடுத்துச் சென்றதாகவும், அவை இறுதியில் சீகேம் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டதாகவும் வேதாகமம் கூறுகிறது.

ஆனால் எல்லாருக்கும் குடும்பக் கல்லறை வாய்த்ததா என்றால், இல்லை. யாக்கோபு மிகவும் நேசித்த ராகேல், பயணத்தின் நடுவே பிள்ளைப்பேற்றில் இறந்தாள். வழியோரத்திலேயே அவளை அடக்கம் செய்து, அடையாளமாக ஒரு கல்லை நட்டுவிட்டு அவன் போக வேண்டியதாயிற்று. இயன்றதைச் செய்தான்; அதற்காக எவரும் அவனைக் குறை கூறவில்லை. தோட்டத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்து, பெற்றோரின் கல்லறையைச் செம்பனை மரங்களின் நடுவே விட்டுவிட்டு வந்து, அதனால் மனம் வருந்துவோருக்கு இது ஓர் ஆறுதல்.

இனி, அக்காலத்துக் கல்லறைகள் எவ்வாறு இருந்தன என்று பார்ப்போம். பாறையைக் குடைந்து அறை செய்வார்கள். சுவர் ஓரமாகக் கல்மேடை இருக்கும். அதன்மேல் உடலைக் கிடத்துவார்கள். காலப்போக்கில் எலும்பு மட்டும் எஞ்சும்போது, அதனை எடுத்து அதே அறையிலுள்ள ஒரு குழியில், முன்னோர்களின் எலும்புகளோடு சேர்த்து வைப்பார்கள். இறந்தவர் 'தன் பிதாக்களோடு சேர்க்கப்பட்டார்' என்று வேதாகமத்தில் அடிக்கடி வரும் சொல்லுக்கு, இவ்வழக்கம் ஒரு விளக்கமாக அமைகிறது.

இயேசுநாதர் வாழ்ந்த முதல் நூற்றாண்டில் எருசலேம் பகுதியில் இது சற்று மாறியிருந்தது. உடலைக் கழுவி, நறுமணப் பொருள் இட்டு, துணியில் சுற்றி, பெரும்பாலும் இறந்த நாளிலேயே கல்லறையில் வைத்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின், குடும்பத்தார் மீண்டும் வந்து, எலும்புகளைச் சேகரித்து, சுண்ணாம்புக்கல்லால் ஆன சிறு பெட்டியில் வைத்தார்கள். தொடை எலும்பின் நீளமே அந்தப் பெட்டியின் நீளம். இத்தகைய பெட்டிகள் எருசலேமைச் சுற்றி ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பலவற்றில் இறந்தவரின் பெயரும், இன்னாருடைய மகன், இன்னாருடைய மனைவி என்ற உறவும் கீறப்பட்டிருக்கின்றன.

இறந்த உடலைத் தொட்டவருக்கு ஏழு நாள் தீட்டு என்பது மோசேயின் சட்டம். ஆசாரியர்கள் பிணத்தருகே போகவே கூடாது. ஆயினும் அதே சட்டம் அவர்களுக்கு ஒரு விலக்கும் தருகிறது. தாய், தந்தை, மகன், மகள், சகோதரன், மணமாகாத சகோதரி ஆகியோர் இறந்தால் மட்டும் அவர்கள் தீட்டுப்படலாம். தலைமை ஆசாரியர் ஒருவருக்குத்தான் இவ்விலக்கு இல்லை. அதாவது, வழிபாட்டுத் தூய்மையையும் சற்றே ஒதுக்கி வைத்து, குடும்பக் கடமைக்கு இடம் விட்டது அந்தச் சட்டம்.

குடும்பம் இல்லாதவர்களின் நிலை என்ன? மரண தண்டனை பெற்றுத் தொங்கவிடப்பட்ட குற்றவாளியின் உடலைக்கூட அன்றைக்கே அடக்கம் செய்துவிட வேண்டும் என்பது உபாகமம் என்னும் நூலின் கட்டளை. சவுல் அரசன் போரில் மாண்டபோது, பகைவர்கள் அவன் உடலையும் அவன் மக்களின் உடல்களையும் பெத்சான் நகரின் மதிலில் தொங்கவிட்டார்கள். யாபேஸ் என்னும் ஊரார், முன்பு சவுல் தங்களைக் காப்பாற்றிய நன்றியை மறவாமல், இரவெல்லாம் நடந்து சென்று உடல்களை இறக்கிக் கொண்டுவந்து, எரித்து, எலும்புகளை மரத்தடியில் அடக்கம் செய்து, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள்.

சவுலின் மறுமனைவி ரிஸ்பாளின் கதை இன்னும் உருக்கமானது. அரசியல் பழிக்காகக் கொல்லப்பட்ட எழுவரில் இருவர் அவள் பெற்ற மக்கள். உடல்களை அடக்கம் செய்ய விடவில்லை. அவள் பாறையின்மேல் இரட்டுத் துணியை விரித்து, வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நாள் முதல் மழை பெய்யும் வரை அங்கேயே இருந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் அண்டவிடாமல் விரட்டினாள். அவளிடம் படை இல்லை, பதவி இல்லை. ஆனால் அவள் அங்கே இருந்த செய்தி தாவீது அரசனின் காதுக்கு எட்டியது. அவன் சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளை வரவழைத்தான். கொல்லப்பட்ட எழுவரின் எலும்புகளும் சேகரிக்கப்பட்டன. சவுலும் யோனத்தானும் சவுலின் தந்தையாகிய கீஸின் கல்லறையில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டார்கள். ஒரு தாயின் பொறுமை ஓர் அரசனுக்கு அவன் கடமையை நினைவூட்டியது.

இவ்வளவு தூரம் இறந்தவர்களைப் போற்றும் இதே நூலில், இயேசுநாதர் கூறிய ஒரு சொல் பலரைத் திகைக்க வைக்கிறது. சீடனாக விரும்பிய ஒருவன், முதலில் தன் தந்தையை அடக்கம் செய்துவிட்டு வர அனுமதி கேட்டான். மரித்தவர்களை மரித்தவர்களே அடக்கம் செய்யட்டும் என்னும் கருத்தில் இயேசு விடை கூறினார். இது பெற்றோரைப் புறக்கணிக்கச் சொல்லும் போதனையா? இதற்கு அறிஞர்கள் பல விளக்கம் தருவர். அடக்கம் பெரும்பாலும் இறந்த அன்றே நடந்த காலத்தில், தந்தையின் உடல் வீட்டில் கிடக்க, மகன் வெளியே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டான். தந்தை இறக்கும் வரை வீட்டிலிருந்து, பிறகு வருகிறேன் என்று அவன் தவணை கேட்டிருக்கலாம் என்பர் சிலர். முன்பு நாம் கண்டபடி, ஓராண்டு கழித்து எலும்பைச் சேகரிக்கும் வரை காத்திருக்க விரும்பினான் என்பர் வேறு சிலர். கடவுளின் அழைப்பு எவ்வளவு அவசரமானது என்பதை அழுத்திச் சொல்லும் கடுமொழி இது என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள்.

இயேசுவின் உள்ளத்தை அறிய வேண்டுமானால், அவர் கொர்பான் வழக்கத்தைக் கண்டித்த இடத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கொர்பான் என்றால் கடவுளுக்குக் காணிக்கை என்பது பொருள். தன் பொருளைக் கொர்பான் என்று ஒருவன் நேர்ந்து சொல்லிவிட்டால், அதிலிருந்து பெற்றோர் எதுவும் பெற முடியாது. இவ்வாறு பக்தியின் பெயரால் தாய் தந்தையரைக் கைவிட்டவர்களை, கடவுளின் கட்டளையையே அவமாக்குகிறவர்கள் என்று இயேசு கடிந்துகொண்டார். எருசலேமுக்கு அருகில் கிடைத்த ஓர் எலும்புப் பெட்டியிலும் இதே கொர்பான் என்னும் சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் பொருளை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாகாது என்ற எச்சரிக்கை அது. இறந்தவரின் பெட்டியைக் காத்த அதே சொல்லை, உயிரோடு இருக்கும் பெற்றோரின் சோற்றைத் தடுக்கவும் சிலர் பயன்படுத்தினார்கள். இயேசுவின் கோபம் இங்கேதான் எழுந்தது.

அவர் தாமே என்ன செய்தார்? சிலுவையில் உயிர் பிரியும் வேளையிலும் தம் தாயை ஒரு சீடரின் பொறுப்பில் ஒப்படைத்தார் என்று யோவான் எழுதுகிறார். அவர் உடலை அடக்கம் செய்ய முன்வந்தவர்களோ உறவினர் அல்லர். அரிமத்தியா ஊர் யோசேப்பு தம் சொந்தக் கல்லறையைக் கொடுத்தார். நிக்கொதேமு ஏறத்தாழ நூறு இராத்தல், அதாவது 33 கிலோ அளவு, வெள்ளைப்போளமும் கரியபோளமும் கொண்டுவந்தார்.

இப்போது, முதலில் கேட்ட கேள்விக்கு விடை துலங்குகிறது. அடக்கம் செய்வது பெரிய கடமை. ஆனால் அது ஒரு தொடரின் கடைசி. கத்தோலிக்கர் ஏற்கும் தோபித்து என்னும் நூலில், ஒரு தந்தை மகனிடம் தன்னை நல்லடக்கம் செய்யச் சொல்கிறார். அதோடு நிறுத்தவில்லை, உன் தாயை அவள் வாழ்நாளெல்லாம் மதித்து நட, அவள் இறந்ததும் என் அருகிலேயே அடக்கம் செய் என்கிறார். சீராக்கின் ஞானம் என்னும் நூல், முதுமையில் தந்தையின் அறிவு தளர்ந்தாலும் பொறுமையோடு இருக்கச் சொல்கிறது. மறதி நோயால் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாத தந்தையைப் பராமரிப்பவர்களுக்கு, 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த அறிவுரை புதிதாகவே ஒலிக்கும். அதே நூல், இறந்தவருக்காகக் கண்ணீர் விடு, உடலை முறையாக அடக்கம் செய், பின்பு தேறுதல் அடை, வருத்தத்துக்கு உன்னை முற்றிலும் கொடுத்துவிடாதே என்றும் கூறுகிறது. துக்கத்துக்கும் ஓர் அளவு வைத்தார்கள். செத்தவருக்காக உடலைக் கீறிக்கொள்வதை மோசேயின் சட்டம் தடுத்தது.

இனி, இன்று நம் குடும்பங்களில் எழும் சில கேள்விகளைப் பார்ப்போம்.

புதைப்பதா, எரிப்பதா என்பது ஒன்று. வேதாகம மக்களின் பொது வழக்கம் புதைப்பதே. எரிப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை 1886இல் தடை செய்து, 1963இல் அனுமதித்தது. புதைப்பதையே அது இன்றும் விரும்பிப் பரிந்துரைக்கிறது. சாம்பலைத் தூவிவிடாமல் புனிதமான ஓரிடத்தில் வைக்குமாறு 2016இல் அறிவுறுத்தியது. பிற சபைகள் பலவும் இதனைக் குடும்பத்தாரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகின்றன.

நிலப் பற்றாக்குறை மற்றொன்று. சிங்கப்பூரில் 1908இல் திறந்து 1972இல் மூடப்பட்ட பிடாடாரி இடுகாட்டின் கல்லறைகள், 2001 முதல் 2006 வரை தோண்டி அகற்றப்பட்டன. 1998 முதல் அங்கு அடக்கக் காலம் 15 ஆண்டுகள் என்று வரையறுக்கப்பட்டது. அதன்பின் எலும்புகள் எடுக்கப்பட்டு, சமயம் அனுமதித்தால் எரிக்கப்படும். இல்லையேல் சிறிய குழியில் மீண்டும் அடக்கம் செய்யப்படும். அப்பாவின் எலும்பைக் கிளறுவது பாவம் ஆகாதா என்று கலங்குவோர் உண்டு. யோசேப்பின் எலும்புகள் எகிப்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்டதையும், எருசலேம் மக்கள் ஓராண்டில் எலும்பைச் சேகரித்ததையும் அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். மரியாதையோடு எடுத்து, மரியாதையோடு வைப்பது அவமதிப்பு ஆகாது. அந்த நாளில் பிள்ளைகள் நேரில் போய் நிற்பதே முக்கியம்.

மூன்றாவது கேள்வி, ஒரே வீட்டில் இரு சமயம் இருப்பது. தந்தை இந்து, மூத்த மகன் கிறிஸ்தவன். கொள்ளி வைப்பது யார்? இதனால் சாவு வீட்டில் மூளும் சண்டைகள் பல. இறந்தவர்களுக்குப் படைப்பதைக் குறித்து வேதாகமத்தில் தயக்கம் உண்டு. ஆகவே எந்தச் சடங்கில் பங்கு கொள்ளலாம் என்பதைப் பற்றி ஒவ்வொரு சபைக்கும் ஒரு போதனை உண்டு. ஆனால் நோயில் கிடந்த தந்தையைத் தூக்கி உட்கார வைப்பதையும், மருத்துவமனைக் கட்டணத்தைச் செலுத்துவதையும், பாடைக்குத் தோள் கொடுப்பதையும், தம்பி சடங்கைச் செய்யும்போது அவன் பக்கத்தில் நிற்பதையும் எந்தப் போதனையும் தடுக்கவில்லை. இந்த விஷயத்தைத் தந்தை உயிரோடு இருக்கும்போதே, அவரையும் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்வது நல்லது. யாக்கோபும் யோசேப்பும் செய்தது அதைத்தான்.

சிங்கப்பூரில் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்தது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத, 60 வயதும் அதற்கு மேலும் ஆன பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோர அது வழி செய்தது. சட்டம் பணத்தைப் பெற்றுத் தரும். மகனை அவர்கள் பக்கத்தில் உட்கார வைக்க அதனால் இயலாது.

நேயர்களே, இறுதிக் கடனுக்காகப் பளிங்குக் கல்லறையும் மலர் வளையமும் செய்தித்தாளில் பெரிய அறிவிப்பும் ஏற்பாடு செய்கிறோம். அவை தவறல்ல. ஆபிரகாமும் செலவைப் பார்க்கவில்லை. ஆனால் சாராளோடு வாழ்நாளெல்லாம் கூடாரத்தில் வாழ்ந்த பின்னரே அவன் அவளுக்காக அந்த நிலத்தை வாங்கினான். பெற்றோர் உயிரோடிருக்கும் நேயர்கள், இந்த வாரம் ஒரு மாலைப் பொழுதை அவர்களுக்கென ஒதுக்கி, அவர்கள் அருகில் அமர்ந்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். முதற் கடன் அதுதான். அதைத் தீர்த்தவருக்கு இறுதிக் கடன் கனமாக இராது.